சின்ன வாணலித் தீபாவளி: முதல் முறை பலகாரம் செய்பவர்களுக்கு

தனிக் குடும்பமாக முதல் தீபாவளியைக் கொண்டாடப் போகிறவர்கள் அம்மாவிடமோ மாமியாரிடமோ பலகார அளவு கேட்டால், பதில் கிலோக் கணக்கில்தான் வரும். பச்சரிசி இரண்டு கிலோ, எண்ணெய் ஐந்து லிட்டர், வெல்லம் ஒன்றரைக் கிலோ. அது கூட்டுக் குடும்பத்துக்கான அளவு. தெருவில் இருபது வீடுகளுக்குத் தட்டு போன காலத்தின் அளவு. இன்று மூன்று பேர் வாழும் அடுக்குமாடி வீட்டில் அதையே செய்தால், கார்த்திகை வரைக்கும் டப்பா காலியாகாது. காலியாக வேண்டும் என்பதற்காகவே காலையில் இரண்டு, மாலையில் மூன்று என்று வாயில் போட்டுக்கொண்டிருப்போம். உடம்பில் ஏறுவது தீபாவளி நாளன்று சாப்பிட்டது அல்ல. அதற்குப் பிறகு வரும் பத்து நாட்களில் சாப்பிட்டதுதான்.

இதை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன். அதற்கு முன்னால் சில ஆண்டுகள் எல்லாப் பலகாரங்களையும் 'சத்தானதாக' மாற்றும் வெறியில் இருந்தேன். முழுக்கக் கேழ்வரகு மாவில் சுற்றிய முறுக்கை உலக்கையால் தட்டித்தான் தின்ன முடிந்தது. நெய்யைப் பாதியாக்கிய மைசூர்பாகு தட்டிலிருந்து வரவே இல்லை. அதைச் சுரண்டிக் கரண்டியால் சாப்பிட்டோம். ஆகவே நீங்கள் அதே வழியில் போக வேண்டியதில்லை.

பட்டியலை முதலில் வெட்டுங்கள்

அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒரு தாளில் எழுத வேண்டியது இதுதான்: எண்ணெயில் பொரித்த காரம் ஒன்று, நெய்யோ எண்ணெயோ கொழிக்கும் இனிப்பு ஒன்று, ஆவியிலோ குழிப்பணியாரச் சட்டியிலோ வேகும் இனிப்பு ஒன்று. நான்கு பேர் உள்ள வீட்டுக்கும், வருகிற விருந்தினருக்கும், பக்கத்து மூன்று வீடுகளுக்கும் இது தாராளம். முறுக்கும் தட்டையும் ஓமப்பொடியும் ரிப்பன் பக்கோடாவும் நான்குமே அரிசி மாவும் பருப்பு மாவும் எண்ணெயில் போட்ட கோலங்கள்தாம். ஒன்று இருந்தால் போதும்.

எந்த ஒன்று என்பதில் கொஞ்சம் யோசியுங்கள். மெல்லிய இழைக்குப் பரப்பு அதிகம். அதனால் அதே எடையுள்ள மாவு ஓமப்பொடியாகும்போது குடிக்கும் எண்ணெய், சற்றுத் தடித்த தேன்குழலாகும்போது குடிப்பதைவிட அதிகம். நான் தேன்குழல் அல்லது தட்டையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சர்க்கரை அங்கே என்ன வேலை செய்கிறது?

இனிப்பு செய்முறை ஒன்றைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி இது. சில பலகாரங்களில் சர்க்கரையும் நெய்யும் வெறும் சுவைக்காக இருக்கின்றன. சிலவற்றில் அவைதான் சுவரும் கூரையும்.

அதிரசத்தில் ஈர மாவைப் பிடித்து வைத்திருப்பது வெல்லப் பாகு. பாகைக் குறைத்தால் தட்டும்போதே விளிம்பு வெடிக்கும், வெந்ததும் கல்லாகும். மைசூர்பாகின் துளைகள் எல்லாம் கம்பிப்பதப் பாகும் கொதிக்கும் நெய்யும் கடலை மாவோடு மோதி உண்டானவை. இந்த இரண்டிலும் அளவைத் தொடாதீர்கள். பாட்டி சொன்ன அளவிலேயே செய்யுங்கள். ஆனால் உருவத்தைச் சிறிதாக்குங்கள். எலுமிச்சை அளவு உருண்டைக்குப் பதிலாக நெல்லிக்காய் அளவு உருண்டையில் அதிரசம் தட்டலாம். மைசூர்பாகை இரண்டு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டலாம். அதிரசத்தை எடுத்தவுடன் இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எண்ணெயைப் பிழிவது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஊர்ப் பக்கத்தில் இதற்கென்றே மரப் பலகை வைத்திருப்பார்கள். அதை மட்டும் மறக்க வேண்டாம்.

பாயசம், சர்க்கரைப் பொங்கல், உக்காரை, கொழுக்கட்டைப் பூரணம் ஆகியவை வேறு ரகம். இவற்றில் வெல்லமோ சர்க்கரையோ குறைந்தாலும் பலகாரம் சரியாது. முதல் ஆண்டு மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். ஒரே ஆண்டில் பாதியாக்கினால் வீட்டில் கலகம் வரும். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு கணக்கு உண்டு. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவர், சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையை 50 கிராமுக்குள் வைக்க வேண்டும், 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 200 கிராம் சர்க்கரை போட்ட பாயசத்தை ஐந்து பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 40 கிராம். மதியச் சாப்பாட்டின் கடைசியில் ஒரு கிண்ணம், அவ்வளவிலேயே அன்றைய பங்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

வெல்லம் போட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரையைவிடக் கலோரியில் சற்றே குறைவு, அவ்வளவுதான். அவற்றின் மணத்துக்காகவும் ஆழமான சுவைக்காகவும் பயன்படுத்துங்கள். கருப்பட்டியின் சுவை அழுத்தமானது என்பதால் கொஞ்சமே போதுமானதாகத் தோன்றும் என்பது உண்மையான ஆதாயம். வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால் வெல்லமோ சிறுதானியமோ அவருக்கான உரிமச் சீட்டு ஆகாது. வரகிலும் சாமையிலும் நார்ச்சத்து கூடுதல் என்றாலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். அவருக்கு எவ்வளவு ஆகும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். நாம் செய்யக்கூடியது சிறிய கிண்ணத்தில் கொடுப்பது. செயற்கை இனிப்பூட்டிகளைப் பாகு காய்ச்சலாம் என்று வாங்கிவிடாதீர்கள். அவை பாகாகாது, அஸ்பார்டேம் வகை கொதிக்கக் கொதிக்க இனிப்பையே இழந்துவிடும்.

குறைந்த இனிப்பை நாக்குக்கு நிறைவாக்கச் சில கைப்பழக்கங்கள் போதும். ஒரு சிட்டிகை உப்பு. பொடித்த உடனே சேர்த்த ஏலக்காய். பாயசத்தை வெதுவெதுப்பாகப் பரிமாறுவது. குளிர்ந்த பாயசத்தில் இனிப்பு மங்கித் தெரியும். பால் பாயசத்தைக் குறைந்த தீயில் நன்றாகச் சுண்டவிட்டால் பாலின் இனிப்பே திரண்டு வரும். நெய்யைப் பொறுத்தவரை சமைக்கும்போது ஊற்றிக்கொண்டே இருப்பது வீண். இறக்கிய பிறகு இரண்டு தேக்கரண்டியை மேலே விட்டு மூடி வையுங்கள். மூடியைத் திறக்கும்போது வரும் மணம், உள்ளே ஊற்றிய அரை கப் நெய்யிலிருந்து வராது.

உக்காரை

தீபாவளி இனிப்புகளில் எண்ணெய்ச் சட்டியே கேட்காதது இது. செட்டிநாட்டு உக்காரைக்கும் திருநெல்வேலி உக்காரைக்கும் செய்முறை வேறு வேறு. நான் சொல்வது பருப்பு உக்காரை. புதிதாகச் சமைப்பவர் முதலில் இதில் கை வைப்பது நல்லது, ஏனென்றால் இதில் பாகுப் பதம் சற்றுத் தப்பினாலும் பெரிய நட்டமில்லை.

கடலைப்பருப்பு ஒரு கப் எடுத்து, எண்ணெய் இல்லாமல் வெறும் வாணலியில் மணம் வரும் வரை வறுங்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, தண்ணீர் தெளிக்காமல் கொரகொரப்பாக அரையுங்கள். இட்லித் தட்டில் எண்ணெய் தொட்டுத் தடவி, விழுதைப் பரப்பி, 12 முதல் 15 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். ஆறிய பிறகு விரலால் உதிர்க்க வேண்டும். சூட்டோடு உதிர்த்தால் களியாகிவிடும். இந்த அவசரத்தில்தான் பலர் தோற்கிறார்கள். உதிராத கட்டிகளை மிக்சியில் ஒரே ஒரு சுற்று விட்டு எடுக்கலாம்.

ஒரு கப் வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, விரலில் தொட்டால் பிசுபிசுக்கும் வரை கொதிக்கவிட்டு, உதிர்த்த பருப்பைக் கொட்டிக் குறைந்த தீயில் கிளறுங்கள். முதலில் இளகும், பயப்பட வேண்டாம், ஐந்தாறு நிமிடத்தில் புட்டுப் போலப் பொலபொலவென்று வரும். கால் கப் தேங்காய்த் துருவலை இரண்டு தேக்கரண்டி நெய்யில் வறுத்து, ஆறு முந்திரியும் ஏலக்காயும் சேர்த்து இறக்குங்கள். பழைய கணக்கில் இதே ஒரு கப் பருப்புக்கு ஒன்றரைக் கப் வெல்லமும் அரை கப் நெய்யும் போகும். தேங்காய் இருப்பதால் அன்றே சாப்பிட வேண்டும். மறுநாளைக்கு என்றால் குளிர்பெட்டியில் வைத்து, சாப்பிடும் முன் ஆவி காட்டிக்கொள்ளுங்கள்.

சுழியத்தை மடைமாற்றுவது

குழிப்பணியாரச் சட்டியில் எல்லாவற்றையும் செய்யலாம் என்று நம்புகிறவர்களில் நான் இல்லை. அதில் ஊற்றிய உளுந்து வடைக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். அது வடை இல்லை. ஆனால் சுழியம் அதில் மிக அழகாக வருகிறது.

அரை கப் கடலைப்பருப்பை மலர வேகவைத்து, தண்ணீர் வடித்து மசித்து, அரை கப் வெல்லமும் கால் கப் தேங்காயும் சேர்த்துச் சுருளக் கிளறினால் பூரணம். நெல்லிக்காய் அளவு உருட்டி வையுங்கள். மேல்மாவுக்குப் புளிக்காத, கெட்டியான தோசை மாவே போதும். ஒரு சிட்டிகை உப்பு அதில் ஏற்கெனவே இருக்கும். குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கொஞ்சம் மாவு ஊற்றி, உருண்டையை வைத்து, மேலே மறுபடி மாவால் மூடி, மூடி போட்டுக் குறைந்த தீயில் வேகவிட்டுத் திருப்புங்கள். ஏழு குழிச் சட்டிக்கு ஆகும் எண்ணெய் மூன்றரைத் தேக்கரண்டி, அதாவது 20 மில்லிக்கும் குறைவு. குழந்தைகள் இதைப் பொரித்த சுழியத்தைவிட அதிகமாக விரும்புவது எனக்கே வியப்பு.

முறுக்கு: எண்ணெய் எப்போது உள்ளே போகிறது

பொரிக்கும்போது மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியே சீறிக்கொண்டிருக்கிறது. அந்தச் சீற்றம் இருக்கும் வரை எண்ணெய் உள்ளே நுழைவது கடினம். வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் உள்ளிருக்கும் ஆவி சுருங்கி, மேல்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. குடிக்கும் எண்ணெயில் கணிசமான பகுதி இப்படி வெளியே வந்த பிறகுதான் குடிக்கப்படுகிறது. இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது: எடுத்த முதல் அரை நிமிடம்தான் முக்கியம். முறுக்கை ஜல்லிக்கரண்டியில் அள்ளியதும் வாணலியின் மேலேயே நன்றாக உதறி, நேராகக் கம்பி வலைத் தட்டில் அல்லது உறிஞ்சும் தாளில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். சூடான முறுக்குகளைப் பாத்திரத்தில் குவித்தால் மேலே உள்ளது வடிக்கும் எண்ணெயைக் கீழே உள்ளது குடிக்கும்.

மாவு அளவு: அரிசி மாவு மூன்று கப், வறுத்து அரைத்த உளுந்த மாவு அரை கப், மிருதுவான வெண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, எள், சீரகம் அல்லது ஓமம், பெருங்காயம், உப்பு. உப்பை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்து ஓமத்தைக் கூட்டுங்கள். காரப் பலகாரத்தில் உப்பும் ஓர் எதிரி என்பதை எண்ணெய்ப் பேச்சில் மறந்துவிடுகிறோம். வெண்ணெய் கூடினால் முறுக்கு எண்ணெயிலேயே உடையும், கூடவே அதிக எண்ணெயும் குடிக்கும். சமையல் சோடா கூடவே கூடாது. சோடா உண்டாக்கும் ஒவ்வொரு துளையும் எண்ணெய்க்கு ஒரு வாசல். மாவைத் தளரப் பிசைந்தால் அச்சில் பிழிவது சுலபம், ஆனால் எண்ணெய் நிறைய ஏறும். கெட்டியாகவும் வெடிக்காமலும் வரும் வரை தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். மொத்த மாவையும் ஒரே தடவையில் பிசையாமல், இரண்டு ஈடுக்கு ஆகும் அளவை மட்டும் பிசைவது நல்லது.

கம்பு அல்லது கேழ்வரகு சேர்க்க ஆசைப்பட்டால் மூன்று கப் அரிசி மாவில் முக்கால் கப்பை மட்டும் மாற்றுங்கள். நிறம் முதலிலேயே கறுப்பாக இருப்பதால் வெந்ததா என்று கண்ணால் தெரியாது, காதால் கேட்க வேண்டும். சலசலப்பு அடங்கிவிட்டால் எடுத்துவிடலாம்.

எண்ணெய்ச் சூடு 170 முதல் 180 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லாவிட்டால் கடுகளவு மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் கிடந்து சோம்பலாக எழுந்தால் இன்னும் காயவில்லை. போட்டதும் குமிழோடு மேலே வந்தால் சரி. வந்த உடனே சிவந்தால் தீயைக் குறையுங்கள். குறைந்த சூட்டில் பொரித்தால் நிதானமாக வேகும் என்ற எண்ணம் தவறு. நேரம் நீள நீள முறுக்கு எண்ணெயில் ஊறுகிறது. ஒரே சமயத்தில் வாணலியை நிரப்பினால் சூடு விழுந்துவிடும், அதுவும் அதே கெடுதல்தான்.

இப்போது வாணலி. அகலமான பெரிய இரும்புச் சட்டியை மேலே ஏற்றி வைத்துவிட்டு, குறுகலான, ஆழமான சின்ன வாணலியை எடுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு முறுக்குதான் வேகும், நேரம் பிடிக்கும், கால் வலிக்கும். ஆனால் அரை லிட்டர் எண்ணெயே போதும். அந்த எண்ணெயை ஊற்றும் முன் அளக்க வேண்டும். வேலை முடிந்து ஆறிய பிறகு மிச்சத்தையும் அளக்க வேண்டும். 500 மில்லியில் 380 மில்லி மிஞ்சியிருந்தால், 120 மில்லி முறுக்குக்குள் போயிருக்கிறது. அது ஏறக்குறைய 1000 கலோரி. கேள்விப்பட்ட அறிவுரை எதுவும் எனக்கு உறைத்ததில்லை, இந்த அளவுக் குவளை உறைத்தது. இரண்டாம் ஆண்டு உதறுவதிலும் சூட்டிலும் கவனம் வைத்த பின், மிச்சம் கூடியிருந்தது.

ஏர் ஃப்ரையரில் முறுக்கு செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். செய்யலாம், காய்ந்த மாவுக் கயிறு போல வரும். தட்டை மட்டும் மெல்லியதாக, இரு பக்கமும் எண்ணெய் தடவி, 170 டிகிரியில் வைத்தால் சுமாராக மொறுமொறுக்கிறது. அதைத் தீபாவளிக்கு முந்தைய வாரமே ஒரு முறை சோதித்துவிடுங்கள். பண்டிகை நாளன்று சோதனை வேண்டாம்.

காலை இட்லியும் கறிக்குழம்பும்

தமிழ்நாட்டில் பல வீடுகளில் தீபாவளிக் காலை என்றால் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும்தான். இங்கே குறைப்பது மிக எளிது. கறி வாங்கும்போது கொழுப்பை நீக்கித் தரச் சொல்லுங்கள். குழம்பை முந்தைய இரவே வைத்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். விடியற்காலை எண்ணெய்க் குளியல் முடித்து வந்து திறந்தால், மேலே வெண்மையாக உறைந்த ஆடை நிற்கும். கரண்டியால் வழித்து எறிந்துவிட்டுச் சூடாக்குங்கள். மசாலா ஊறிய மறுநாள் குழம்பு முதல் நாளைவிடச் சுவையாகவும் இருக்கும். தேங்காய் விழுதில் பாதியைக் குறைத்து, அந்தத் திடத்துக்குப் பொட்டுக்கடலையும் கசகசாவும் சிறிது சேர்த்து அரைக்கலாம்.

பெருநாள் காலையில் பலகாரத்துக்கு முன்பே இஞ்சியும் சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமமும் வெல்லமும் சேர்ந்த இலேகியத்தை வாயில் வைக்கச் சொன்ன நம் முன்னோர், மேலே என்ன வரப்போகிறது என்று அறிந்தே செய்திருக்கிறார்கள். அந்த இலேகியம் சுண்டைக்காய் அளவுதான் என்பதும் நினைவிருக்கட்டும்.

மீந்த எண்ணெயும் டப்பாக்களும்

மீந்த எண்ணெயை ஆறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, தனிப் பாட்டிலில் வைத்து, சில நாட்களுக்குள் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். அதிலேயே மறுபடி பொரிக்காதீர்கள். பொரிக்கப் பொரிக்க எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்தியாவில் 2018 ஜூலை முதல் விதியே இருக்கிறது. வீட்டில் அதை அளக்கும் கருவி இல்லை. நுரை அடங்காமல் நிற்பது, கறுப்பது, கமறல் நாற்றம் ஆகியவைதாம் நமக்கு அறிகுறி. கழுவு தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும். ஒரு பாட்டிலில் அடைத்துக் குப்பையில் போடுங்கள்.

பலகாரங்களைக் கண்ணாடி ஜாடியில் மேசை மேல் வைப்பது அழகு, ஆனால் ஆபத்து. நான் எல்லாவற்றையும் எவர்சில்வர் தூக்குகளில் அடைத்து மேல் அலமாரியில் ஏற்றிவிடுகிறேன். ஒரு சின்ன டப்பா மட்டும் கைக்கெட்டும் இடத்தில். அது காலியானால் நாளைக் காலையில்தான் நிரம்பும். பக்கத்து வீட்டுத் தட்டுகளைத் தீபாவளிக்கு முதல் நாளே அனுப்பிவிடுவதும் நல்ல உத்தி. அவர்கள் தட்டு திரும்பி வருவதற்குள் நம் டப்பா பாதியாகியிருக்கும். திரும்பி வருவதை என்ன செய்வது என்று கேட்காதீர்கள், அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

பண்டிகை முடிந்த வாரமே, எது எவ்வளவு செய்தீர்கள், எது எத்தனை நாளில் தீர்ந்தது என்று நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்; ஓர் ஆண்டில் எல்லாம் மறந்துவிடும். என் நாட்காட்டியில் சென்ற ஆண்டுக்கான வரிகள் இவை: "தேன்குழல் மூன்று கப் மாவு, ஒன்பது நாள் இருந்தது, இரண்டு கப் போதும். அதிரசம் 20, சரி. சுழியம் 14, காலை பத்து மணிக்குள் காலி."